பெயர் தெரியாத மருத்துவர்

— நானூறு பக்கத்தையும் புரட்டிட்டேன். நான் எங்கடா இருக்கேன்? நீயே எடுத்துக் காட்டு.

— அக்கா, கதவைச் சாத்திட்டுப் பேசு. கீழே ஹால்ல நாற்காலி போட்டுட்டு இருக்காங்க, எல்லார் காதுலயும் விழும்.

— விழட்டுமே. அஞ்சு மணிக்கு உன் புத்தக வெளியீடு. மூணு மணிக்குத்தான் ஒரு பிரதி என் கண்ணுல படுது. அதுவும் நானா உன் ரூமுக்கு வந்து, கட்டைப் பிரிச்சு எடுத்தது.

— முன்னுரையில கடைசிப் பத்தியைப் பாரு. நன்றி சொல்லியிருக்கேன்.

— பார்த்தேன். "மொழிபெயர்ப்பில் உதவிய நண்பர்களுக்கு." நான் உனக்கு நண்பர்களாடா? எத்தனை பேருடா நான்?

— அதாவது, புரிஞ்சுக்கோக்கா. துறைத்தலைவர் பதவிக்குத் தனியா எழுதின புத்தகம்தான் செல்லும். கூட இன்னொரு பேர் இருந்தா ஒதுக்கி வச்சிடுவாங்க.

— ஆறு வருஷம்! பகல் முழுக்க இதே காலேஜ் லைப்ரரியில புத்தகப் பட்டியல் அட்டை எழுதிட்டு, சாயங்காலம் வீட்டுல உக்காந்து உனக்காக அரபும் எபிரேயமும் மொழிபெயர்த்தேன். ரெண்டுல எதுலயாவது உனக்கு ஒரு எழுத்து தெரியுமா?

— தெரியாது. தெரியும்னு நான் எப்ப சொன்னேன்?

— உன் புத்தகத்தோட மேலட்டை சொல்லுதே! உன் பேருக்குக் கீழ, கொட்டை எழுத்துல, "மூல மொழிகளின் அடிப்படையில்"!

— அதாவது, அது பதிப்பகத்துக்காரர் போட்டது.

— அவர் தலையில கட்டாத.

— சரி, திட்டு. ஆனா நீ படிக்காததா? அந்தக் காலத்துல யாரு பேரு பார்த்தாங்க? கிரேக்கர் எழுதினதுக்கு முஸ்லிம் அறிஞர் அரபுல உரை எழுதினாரு. அதை யூதர் எடுத்துக்கிட்டாரு. அவங்க ரெண்டு பேரையும் வச்சு கிறித்தவத் துறவி லத்தீன்ல எழுதினாரு. ஆளுக்கு ஆள் எடுத்துத்தான் தத்துவமே வளர்ந்தது. என் புத்தகமே அதைத்தானே சொல்லுது?

— எனக்கே பாடம் நடத்துறியா? அந்தத் துறவிங்க வேற மதத்துக்காரர் உரையை எடுத்தப்போ, "உரையாசிரியர் சொல்கிறார்"னு பட்டம் குடுத்து எழுதினாங்க. அவர் சொன்னது தப்புன்னு கிழிக்கிறப்பவும், இது அவர் சொன்னதுன்னு சொல்லிட்டுத்தான் கிழிச்சாங்க. வேத்து மதத்தானுக்கு அவங்க குடுத்த மரியாதையை, கூடப் பொறந்தவளுக்கு நீ குடுக்கலையே.

— அக்கா, நான்...

— பேசாத. ஒரு யூதர் அரபுல எழுதின புத்தகம் லத்தீனுக்குப் போச்சு. பேரு திரிஞ்சு போய், அவரை முஸ்லிம்னு சில பேரும், கிறித்தவர்னு சில பேரும் நூத்துக்கணக்கான வருஷம் நெனச்சுட்டு இருந்தாங்க. உன் மூணாவது அத்தியாயத்துல இருக்கு. "இது அறிவுலகத்தின் அநியாயம்"னு எழுதியிருக்க. எழுதுறப்போ கை கூசலையா?

— கூசிச்சு. போதுமா?

— போதாது. மேடையில சொல்லு. "இதுல இருக்கிற மொழிபெயர்ப்பு முழுக்க என் அக்காவோடது." அவ்வளவுதான் கேக்கிறேன்.

— இன்னைக்கு முடியாதுக்கா. தேர்வுக்குழு ஆளுங்க முன்வரிசையில உக்காருவாங்க. ரெண்டாம் பதிப்புல போடறேன், சத்தியமா.

— நாளைக்கு இந்தப் புத்தகம் என் மேசைக்குத்தான் வரும். ஆசிரியர் யாருன்னு என் கையாலதான் பட்டியல் அட்டையில எழுதணும். அதை யோசிச்சியா?

— அதையும் ரெண்டாம் பதிப்பு வந்ததும் மாத்தி எழுதிக்கலாம்க்கா.

— அது சரி, நான் குடுத்த மொழிபெயர்ப்புப் பிரதியில அங்கங்க சதுர அடைப்புக்குறி போட்டு, ஓரத்துல என் பேரோட முதலெழுத்தும் போட்டிருந்தேனே? இதுல ஒண்ணையும் காணோம்.

— எடுத்துட்டேன். நீ சேர்த்த ஒட்டுச் சொல்லுதானே எல்லாம்? ஒரு "ஆகவே", ஒரு "அவர்". அதுக்குப்போய் பக்கத்துக்குப் பத்து அடைப்பு. படிக்கிறவனுக்குக் கண்ணைக் குத்தும். கம்ப்யூட்டர்ல ஒரே தட்டு, எல்லாம் போச்சு.

— ஒவ்வொண்ணாப் பார்த்தியா?

— நானூறு பக்கம்! யாருக்கு நேரம்?

— நூத்தி நாப்பதாம் பக்கத்துலயும் எடுத்துட்டியா?

— எல்லாத்துலயும்தான். அந்தப் பக்கத்துக்குப்போய் அடைப்பு எதுக்குக்கா? புத்தகத்துக்கு உயிரே அந்த மருத்துவர்தான். பேரு தெரியாத யூத மருத்துவர், உலகத்துலயே ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. உலகத்துக்குத் தொடக்கம் உண்டா இல்லையான்னு மூணு மதத்துக்காரங்களும் மண்டையை உடைச்சுக்கிறப்போ, ஒருத்தர் இப்படி ஒரு பதில் எழுதியிருக்காரே! பின்னட்டையிலயே போட்டிருக்கேன். படிக்கட்டுமா?

— படி.

— "உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பவரும் என்னிடம் மருந்துக்கு வருகிறார். தொடக்கமே இல்லை என்பவரும் வருகிறார். இருவர் நாடியும் ஒன்றுபோலவே துடிக்கிறது. எனக்குத் தெரியாத ஒன்றுக்காக எவரையும் நான் வாசலில் நிறுத்தமாட்டேன்."

— ம்.

— தலைமை விருந்தினர் காலையில போன்ல இதைப் படிச்சுக் காட்டினார். குரலே உடைஞ்சுபோச்சு அவருக்கு. எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி இப்படி ஒரு மனுஷனான்னு கேட்டார். பேச்சு முழுக்க இதை வச்சுத்தானாம்... ஏன் சிரிக்கிற?

— மூலப் பிரதியோட போட்டோ குடுத்தேனே, எங்க?

— இதோ, அலமாரியில.

— கவரைக்கூடப் பிரிக்கலையாடா நீ? நல்லாயிருக்கு. பிரி. மேல "மருத்துவர்"னு நான் எழுதி வச்சிருக்கிற பக்கத்தை எடு.

— எடுத்து என்ன பண்ண? எனக்குத்தான் எபிரேயம் தெரியாதே.

— தெரிய வேண்டாம். கண்ணு இருந்தா போதும்.

— அக்கா... இதுல நடுவுல பாதிப் பக்கத்தையே காணோம். பூச்சி தின்னிருக்கு.

— அதுக்குத்தான் அடைப்பு போட்டு, என் முதலெழுத்தும் போட்டேன். அந்த ஓட்டையில உன் மருத்துவர் என்ன எழுதியிருந்தாரோ, யாருக்குமே தெரியாது. நீ இப்ப படிச்சது, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், துணியைக் காயப்போட்டுட்டு வந்து நான் எழுதினது.