செவ்வாய்க்கிழமை ஓய்வு

— பதினொண்ணு. அவ்ளோதானா? எந்திரி சிவா.

— டயரு இன்னிக்கி மண்ணோட ஒட்டிக்கிச்சுங்கக்கா.

— டயரு மேல பழியப் போடாத சாமி. தொப்பூர் கணவாய்ல லாரிக்காரன் கழட்டிப் போட்ட அதே டயருதான். சனிக்கெழம இருவது தடவ பொரட்டுன. இன்னிக்கிப் பாதியிலயே நாக்கு தள்ளுது. சம்மட்டிய எடு.

— ரெண்டு நிமிசங்கக்கா. தண்ணி குடிச்சுக்கறேன்.

— பெங்களூர்ல எம்.எம்.ஏ. சண்டக் கூண்டுக்குள்ள அவன் ஒன் கழுத்தப் புடிக்கறப்பயும் ரெண்டு நிமிசம் கேப்பியா? ஒம்போது நாளுதான் இருக்குது. என்ன சாப்ட்ட?

— களி. ஆறு முட்ட. நீங்க எழுதிக் குடுத்ததுதாங்க.

— தூக்கம்?

— தூங்கறேங்க்கா.

— பொய்யி. நான் பளு தூக்குனவடா. ஒடம்பு எப்ப ஓஞ்சு போவுதுன்னு எனக்குத் தெரியாதா? ஆறு நாளு ஒன்னப் புழியறேன். செவ்வாய்க்கெழம ரெஸ்ட். தூக்கறப்ப ஒடம்பு வளராது, படுக்கறப்பதான் வளரும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?

— சொல்லியிருக்கீங்க.

— நேத்து ரெஸ்ட் எடுத்தவன் இன்னிக்கி குதிரையாட்டம் நிக்கணும். நீ அடிமாடாட்டம் வர. ஒன் பயிற்சி நோட்ட பொரட்டிப் பாத்தேன், ஒவ்வொரு புதன்கெழமயும் இதே கததான். பனியனக் கழட்டு.

— எதுக்குங்கக்கா?

— கழட்டுடா. இது என்னது, பொடனிக்குக் கீழ தோலு உரிஞ்சு கெடக்குது?

— மணல் பை ஒரசிருச்சுங்க.

— மணல் பைய நெஞ்சோட கட்டித்தான தூக்க வெக்கறேன்? இது சாக்கு ஒரசுன காயம். பதினஞ்சு வருசமா எங்கூட்ல இந்தக் காயத்துக்குத் தேங்கா எண்ண தடவறவ நானு. காரிமங்கலம் சந்தைக்கு மூட்ட தூக்கப் போறியா?

— சம்மட்டிய எடுக்கறேங்கக்கா.

— அது கெடக்கட்டும், வாயத் தொற.

— செவ்வா மட்டுந்தாங்கக்கா. விடியப் போனா மத்தியானம் வந்துருவேன்.

— நல்லாருக்குது. நான் ஒங்க மாமன பஸ்ஸுல ஏத்திக்கிட்டு தருமபுரி ஆஸ்பத்திரிக்கு அலையற நாளாப் பாத்துப் போற. அவரு அந்த மூட்டைய தூக்கித்தான இடுப்புல டிஸ்க் நழுவி நாலு மாசமா கெடக்கறாரு? கண்ணால பாத்தும் புத்தி வரலியா?

— மாமா இப்ப எப்படி இருக்காருங்க?

— பேச்ச மாத்தாத. செவுத்தப் புடிச்சு நடக்கறாரு. இன்னும் ரெண்டு மாசம் ஆவும்ங்கறாங்க. லோடு தூக்கற செட்டுல தன் எடம் இருக்குதுங்கற தெம்புலதான் மனுசன் எந்திரிச்சே நிக்கறாரு. வராதவன் பதில் ஆள் அனுப்பணும், மூணு சந்தை எடம் காலியாக் கெடந்தா வேற ஆளப் போட்டுருவாங்க, அதான் அங்க சட்டம். இவருக்கு மட்டும் மேஸ்திரி எடத்தையும் வெச்சு, கூலியும் வூட்டுக்கு அனுப்பறாரு. செட்டே பங்கு போட்டுத் தூக்குதாம்.

— மேஸ்திரி அப்படியா சொன்னாரு?

— ஆமா. அவங்கெல்லாம் மனுசங்க. நீயும் இருக்கியே, வாங்கற கூலிய என்னதான் பண்ற?

— செலவாயிருதுங்கக்கா.

— இந்தா பாரு சிவா. அஞ்சு வருசம் காத்திருந்து கெடச்ச சண்ட. அடுத்த செவ்வாயும் நீ சந்தைக்குப் போனா, பெங்களூருக்குப் போன் போட்டு ஒன் பேர எடுத்துருவேன். செத்த ஒடம்ப நான் கூண்டுக்குள்ள அனுப்ப மாட்டேன். போவ மாட்டேன்னு சொல்லு.

— போவலீங்கக்கா.

— சத்தியமா?

— சத்தியமாப் போவலீங்க. மேஸ்திரிகிட்ட மட்டும் நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க. செவ்வாய்க்கெழம நம்ம மாமா எடத்துல நிக்க வேற ஆளு வேணும்னு.