ஒரு நாளைக்கு ஒரு டம்ளர்

பத்துமணிப் பூவுக்கு நல்ல மண் ஆகாது. எரு போட்ட மண்ணில் தண்டுதான் நீளும், பூ வராது. மணலும் செங்கல் தூளும் கலந்த மண்ணே போதும்; நாள் முழுக்க வெயில் விழ வேண்டும். நீங்கள் என் வீட்டு வாசலில் ஜீப்பை விட்டு இறங்கியபோது கீழே பார்த்து நடந்தீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. ஒரு பூவைக்கூட மிதிக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் நானே எழுதித் தருகிறேன் என்றேன். ஏட்டையாவுக்குச் சிரமம் வேண்டாம். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள்.

என் பெயர் தங்கம்மாள். வயது நாற்பத்தாறு. கணவர் அப்பாதுரை பஸ் கண்டக்டர்; எழுபத்தெட்டில் மஞ்சள் காமாலையில் இறந்தார். அதன்பிறகு போளூர் ரோட்டு வீட்டில் நானும் அவருடைய அக்கா ராணியம்மாளும் மட்டும்தான். சிறு வயதிலேயே கணவனை இழந்து, எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். அண்ணி என்று கூப்பிடுவேன். இருபத்தேழு வருஷத்தில் ஒருநாள்கூட நாங்கள் தெருவுக்குக் கேட்கிற மாதிரி சண்டை போட்டதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

போன வருஷம் மழை இல்லை. வாசலில் இருந்த ரோஜா, கனகாம்பரம் எல்லாம் கருகிப்போயின. பக்கத்து வீட்டு ரஹமத்துன்னிசாதான் பத்துமணிப் பூத்தண்டு ஒரு கைப்பிடி கிள்ளிக் கொண்டுவந்து தந்தாள்.

"இத வெச்சுப் பாருங்கக்கா. தண்ணி கம்மியா இருந்தாப் போதும். ஜாஸ்தி ஊத்துனாத்தான் அழுகிப்போயிடும்."

செருகிய தண்டெல்லாம் வேர் விட்டது. தை மாதத்தில் வாசல் முழுக்கப் பாய் விரித்த மாதிரி படர்ந்துவிட்டது. காலை பத்து மணிக்கு விரியும், மத்தியானம் தாண்டினால் சுருங்கிவிடும். இலையை நசுக்கினால் விரல் நனையும். கிடைத்ததைச் சேர்த்து வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் இருக்கிற செடி. எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை.

மாசியில் அண்ணிக்கு வாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. படுக்கைப் புண் வரக் கூடாதென்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தேன். உடம்பு துடைத்தேன், தலை வாரினேன், நகம் வெட்டினேன். பிணத்தைப் பார்த்த டாக்டரிடம் கேளுங்கள். முதுகில் ஒரு புண் இருந்ததா?

தினமும் பத்து மணிக்கு நாலைந்து பூ பறித்து, கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டு, அவர் கண்ணில் படும்படி ஸ்டூல்மேல் வைப்பேன். பகல் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருப்பார். இடது கையை நீட்டி நீட்டிப் பார்ப்பார், எட்டாது. பூவென்றால் அவருக்கு அவ்வளவு ஆசை.

பங்குனியில் எங்கள் கிணறு வற்றியது. முனிசிபாலிட்டி லாரி இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வரும். நனைந்த துணியை ஒரு நாளைக்கு நாலு தடவை அலச வேண்டியிருந்தது. உள்ளே போவது குறைந்தால் நனைவதும் குறையும் அல்லவா? அண்ணிக்குக் கொடுத்துவந்த ஆறு டம்ளர் தண்ணீரை மூன்றாக்கினேன். கஞ்சியையும் கெட்டியாகக் காய்ச்சினேன். சித்திரையில் ஒரு டம்ளராக்கினேன். பழகிவிடும் என்று நினைத்தேன். ஓரளவு பழகவும் செய்தார்.

அண்ணிக்கு ஒரே ஒரு சொல் மிச்சம் இருந்தது. நாக்கு குழறி வரும். சித்திரையில் ஒருதரம் டாக்டர் வந்து பார்த்தார். அப்போதும் அண்ணி அதையே சொன்னார்.

"என்னம்மா சொல்றாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"தம்பி தம்பின்னு எங்க வீட்டுக்காரரக் கூப்பிடறாங்க, டாக்டர்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அண்ணி என்னைப் பார்த்தார். அவர் சொன்னது தண்ணி. எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

அடுத்த வாரம் ரஹமத்துன்னிசா இரண்டு குடம் தண்ணீரோடு வந்தாள். "எங்க கெணத்துல இன்னும் ஊறுதுக்கா. பெரியம்மாவ வெச்சிக்கினு கஷ்டப்படறீங்க. தெனம் ரெண்டு கொடம் எடுத்துக்குங்க" என்றாள். எடுத்துக்கொண்டேன். துணி அலசத் தாராளமாக இருந்தது. அண்ணிக்கு ஒரு டம்ளர்தான். ஏன் கூட்டவில்லை என்று நேற்று மூன்று தடவை கேட்டீர்கள்.

எனக்கு ஒரு குழந்தை பிறந்தது. ஐம்பத்தெட்டாம் வருஷம், வைகாசி மாதம், பெண். பிரசவம் பார்த்ததும் எனக்குப் பத்தியம் வைத்ததும் அண்ணிதான். "பச்ச ஒடம்பு. தண்ணி குடிச்சா ஜன்னி கண்டுடும்" என்று சொல்லி, ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்தார். அந்த வெயிலில் மண்பானை இருந்த அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கெஞ்சினேன். காலைப் பிடித்தேன். எனக்குப் பால் ஊறவில்லை. பதினோராம் நாள் குழந்தை அழுவதை நிறுத்திவிட்டது. பிறகு எனக்குக் கர்ப்பம் தரிக்கவில்லை.

அண்ணி என் நல்லதுக்குத்தான் செய்தார். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் இருந்தவரை அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. ஒரே ஒருநாள், கஞ்சி ஊட்டும்போது, "பச்ச ஒடம்பு அண்ணி, தண்ணி ஆவாது" என்று என் வாயில் வந்துவிட்டது. எப்படி வந்ததென்று எனக்கே தெரியாது. அவர் வாயில் இருந்த கஞ்சியை விழுங்காமல் வெகுநேரம் என்னையே பார்த்தார். அன்றிலிருந்து அந்தச் சொல்லைச் சொல்வதை விட்டுவிட்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

வைகாசி முதல் தேதி அந்த ஒரு டம்ளரையும் நிறுத்தினேன்; கஞ்சியையும் நிறுத்தினேன். நான்காம் நாள் காலை ரஹமத்துன்னிசா குடத்தோடு உள்ளே வந்துவிட்டாள். "அய்யோ அக்கா, நாக்கப் பாருங்க, கட்டையா இருக்கே" என்று கத்திக்கொண்டே தன் கையால் தண்ணீரை அள்ளி ஊற்றினாள். கடைவாய் வழியாக வழிந்துவிட்டது. பத்து மணிக்குள் எல்லாம் முடிந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த அண்ணியின் ஒன்றுவிட்ட தம்பி மூர்த்தியிடம் அவள்தான் சொல்லியிருக்கிறாள். பொய் சொல்லத் தெரியாதவள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

தெரிந்தேதான் செய்தேன். வீட்டில் தண்ணீர் இருந்தது. கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கடைசியாக, ஆத்திரத்தில் செய்தாயா என்று கேட்டீர்கள். ஆத்திரம் இருந்தால் ஒரே நாளில் முடித்திருக்க மாட்டேனா? மூன்று மாதம் முகம் சுளிக்காமல் ஒருவரைப் பார்த்துக்கொள்வதென்றால், மனதில் பாசம் இல்லாமல் முடியுமா, ஐயா?