மலையைப் பார்த்துச் செய்த சத்தியம்

வேங்கிக்காலிலிருந்து வந்த டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். விரல் மை இன்னும் அழியாத பெரியவர், ஜன்னலோரம் இருந்தவரிடம் சொன்னார்:

“நம்ம எம்.பி. தொகுதியில நான் ஓட்டு போட்ட ஆளு ஒருத்தர்கூட இதுவரைக்கும் ஜெயிச்சதில்லங்க.”

“ஒருத்தர்கூடவா?”

“கட்சி மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டேன். நான் எந்தப் பக்கம் போனாலும் ஜனங்க எதிர்ப்பக்கம் போயிடறாங்க. சுயேச்சைக்கும் போட்டேன். அவருக்கு டெபாசிட்டே போச்சு.”

“அடப் பாவமே.”

“என் மாப்ள கட்சியில கிளைச் செயலாளரு. இந்த வாட்டி வூட்டுக்கே வந்துட்டாரு. ‘மாமா, உங்க ஓட்ட மட்டும் எதிரணிக்குப் போட்டுடுங்க’னு கேட்டாரு. சாமியா கும்பிடற நம்ம மலையப் பாத்து சத்தியம் வேற வாங்கிக்கினாரு.”

“போட்டீங்களா?”

பஸ் திரும்பியது. ஜன்னலில் மலை முழுசாகத் தெரிந்தது. பெரியவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“எப்படிங்க மனசு வரும்? பொண்ணு குடுத்த எடம். அவரு கட்சிக்கே போட்டுட்டேன்.”

“அப்புறம்?”

“வழக்கம்போலதான். தோத்துட்டாங்க.”

“மாப்ளைக்கு இது தெரியுமா?”

“தெரியாது. நான் எதிரணிக்குப் போட்டு அவங்க ஜெயிச்சிட்டாங்க, அதனால என் ராசி மாறிடுச்சுனு நெனச்சிக்கினு இருக்காரு. அடுத்த எலெக்சன்ல நம்ம கட்சிக்கே போடணும் மாமானு இப்பவே இன்னொரு சத்தியம் வாங்கிக்கினு போயிட்டாரு.”

ஜன்னலோரத்துக்காரர் பெரியவர் பக்கம் திரும்பினார்.

“மாப்ள மேல பாசம் இருந்தா, அதயும் மீறிடுங்க.”