பம்பில் பிழையில்லை

நகத்தில் ஏறிய கிரீஸ் சவர்க்காரத்துக்குப் போகாது, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான் படித்த மேலைத் தத்துவத்தில் இது இல்லை. எங்கள் தோட்டத்துச் சிவசாமிக்காக வழக்குப் பேசி அப்பீல் எழுதுகிற பிரக்கிராசி நீங்கள்; நடந்ததைச் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். இன்றைக்கும் அண்ணனின் காரில் கைவைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். ஆகவே கிரீஸிலிருந்தே தொடங்குகிறேன்.

உடப்புசல்லாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து, அந்த ஒற்றை அறை வரிசை வீடுகளிலிருந்து, பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பட்டத்தோடு திரும்பி வந்தேன், வேலை வரவில்லை. எதிரில் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறவர்கள், நான் நகர்ந்ததும் "என்ன படிச்சு என்னா, அடுப்படிதானே" என்பார்கள். அது என் காதில் விழட்டும் என்றுதான் சொல்வார்கள். நானும் தவறாமல் கேட்டுக்கொள்வேன். எனக்குக் கோபம் ஒரு நிரந்தர வேலை, சம்பளம்தான் இல்லை.

என் அண்ணன் சோலைமலை, சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விற்றுப்போன பழைய ஒஸ்டின் காரை வாடகைக்கு ஓட்டுகிறார். ஓட்டுவார், அவ்வளவுதான், பிரித்துப் பூட்டத் தெரியாது. அதன் தண்ணீர்ப் பம்ப் போய்விட்டது. கடைவீதியில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் முனாப் நானாவிடம் புதுப் பம்ப் இருந்தது. "காரைத் தள்ளிட்டு வாங்க, நானே பூட்டித் தாறேன்" என்றார்.

"சாமானை மட்டும் குடுங்க நானா. பூட்டுறதுக்கு எங்கிட்ட புத்தகம் இருக்கு."

"புத்தகம் ஸ்பேனர் புடிக்குமா தங்கச்சி?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "வேற ஒண்ணும் வேணாமா?" என்று கேட்டார். வேறு ஒன்றும் வேண்டாம் என்றேன். நல்ல தெளிவான குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி.

வீட்டு வாசலில் வைத்தே பூட்டினேன். துரை விட்டுப்போன இங்கிலீஷ் புத்தகத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல, அண்ணன் ஸ்பேனர்களை எடுத்துத் தந்தார். விசிறியைக் கழற்றி, பட்டியை எடுத்து, பழைய பம்பை இறக்கினேன். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்கத் தடித்த அட்டை வேண்டும். என் பட்டமளிப்புப் படத்தின் பின்னட்டையை வெட்டி வைத்தேன். அந்தப் பட்டம் எதற்காவது பயன்பட்டது என்றால் அதற்குத்தான்.

பம்பை மாற்றும்போது அதில் சேரும் ரப்பர்க் குழாயையும் மாற்றவேண்டும் என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. எங்கள் குழாயில் வெடிப்பு இருந்தது. குழாய் வேண்டுமானால் திரும்பவும் நானாவின் கடைக்குப் போகவேண்டும், அங்கே அந்தச் சிரிப்பு இன்னும் ஆறியிருக்காது.

"என்ன போட்டிருக்கு?" என்றார் அண்ணன்.

"நல்லா இறுக்கச் சொல்லியிருக்கு."

அவர் கை கழுவப் போனதும் வெடிப்பில் சவர்க்காரத்தை அப்பிக் கம்பியால் சுற்றினேன். பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். சொட்டுக்கூட விழவில்லை. எஞ்சின் சூடாகும் என்பதும் சூட்டில் சவர்க்காரம் கரையும் என்பதும் தத்துவத்துக்கு அப்பாற்பட்டவை.

மறுநாள் சிவசாமிக்கும் அவர் மனைவி ராக்காயிக்கும் நுவரெலியாவில் பிரஜாவுரிமை விசாரணை. இருவரும் இந்தத் தோட்டத்தில் பிறந்தவர்கள், இந்தியாவைப் படத்தில்கூடப் பார்க்காதவர்கள்; ஆனாலும் இந்திய வம்சாவளி என்று, பிரஜாவுரிமையை விண்ணப்பித்துத்தான் பெறவேண்டும். பல வருடம் காத்துக் கிடைத்த திகதி. தக்க காரணமில்லாமல் அன்று தவறினால் விண்ணப்பம் தள்ளுபடி, பிறகு எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. எங்கள் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அதனால் நான் நிம்மதியாகப் பெருந்தன்மை காட்டலாம். காரில் கூட்டிப்போகிறோம், நானும் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

ராக்காயிக்குப் பயம். "நாங்க மொத பஸ்ஸுலயே போயிர்றோமே லெச்சுமி. காரு இப்பதான ஒடம்பு தேறியிருக்கு."

"ஏக்கா, நான் செஞ்ச வேலை மேல நம்பிக்கை இல்லையா?"

"சும்மா இரு புள்ள" என்று சிவசாமி அவளை அடக்கினார். "படிச்ச புள்ள பூட்டுன காரு."

காலையில் அண்ணன் எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டுச் சூடாக்கினார். காருக்கடியில் ஈரம் தெரிந்தது. "கீழ என்னா தண்ணி?" என்றார். பஸ் அப்போது இன்னும் வந்திருக்கவில்லை.

"பனிண்ணே" என்றேன்.

பாதி வழியில், ஏற்றத்தில், எஞ்சின் மூடிக்கடியிலிருந்து ஆவி கிளம்பியது. அண்ணன் ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டுவந்து ஊற்றினார். ஊற்ற ஊற்ற அது ரோட்டில் ஓடியது. குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பனின்னு சொன்னியே" என்றார். அவரைக் காருக்குக் காவல் விட்டுவிட்டு நாங்கள் நடந்தோம். பிறகு ஒரு மரக்கறி லொறி ஏற்றிக்கொண்டது.

போய்ச் சேரும்போது பெயர் கூப்பிட்டு முடிந்திருந்தது. ஆனாலும் அதிகாரி உள்ளே விட்டார். நல்ல மனிதர். மொழிபெயர்ப்பாளர் சாப்பிடப் போயிருந்தார். நான் இருக்கிறேன் என்று முந்திக்கொண்டேன். என் இங்கிலீஷைக் கேட்டதும் அதிகாரி நிமிர்ந்து பார்த்து, எங்கே படித்தீர்கள் என்று விசாரித்தார். அவரும் பேராதனைதானாம். ஒரு நாற்காலி போடச் சொன்னார். சிவசாமியும் ராக்காயியும் நின்றார்கள். அந்த நாற்காலியை நான் இன்னும் மறக்கவில்லை. எங்கள் லயத்திலிருந்து அந்த மாதிரி அறையில் உட்கார்ந்த முதல் ஆளும் நான்தான்.

ஏன் நேரத்துக்கு வரவில்லை, தக்க காரணம் இருந்தால் வேறு திகதி தரலாம் என்றார்.

கேள்வியைத் தமிழில் சொன்னேன். சிவசாமி கைகட்டி, உள்ளதைச் சொன்னார். "காரு நின்னுபோச்சுங்க தொர. இந்தப் புள்ளதாங்க பம்பு பூட்டுனிச்சு. தண்ணியெல்லாம் ஒழுகிப்போச்சுங்க."

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த எனக்கு, அதை என் வாயாலேயே சொல்வது முறையாகப் படவில்லை.

தூங்கிவிட்டார்களாம், எழுந்திருக்கத் தாமதமாகிவிட்டதாம் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

அவர் வருத்தத்தோடு பேனாவை எடுத்தார். தள்ளுபடி. எழுதுகிற சத்தம் கேட்டதும் ராக்காயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்ததும், "நீ இல்லாட்டி நாங்க என்னத்தச் சொல்லியிருப்போம் லெச்சுமி" என்றாள். வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

இப்போது உங்கள் அப்பீல் மனுவுக்கு வருகிறேன். சிவசாமி சொல்வதும் அதிகாரி எழுதியதும் பொருந்தாததைக் கண்டு, என் மேல் இரக்கப்பட்டு, "மொழிபெயர்ப்பில் தவறு நேர்ந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். என் இங்கிலீஷில் தவறு நேராது, அதிகாரியே பாராட்டினார். தெரிந்தே பொய் சொன்னேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவர்கள் தூங்கவில்லை. நான்தான் அவர்களைப் பஸ்ஸில் போகவிடாமல் தடுத்தேன், நான்தான் அவர்கள் வாய்ச்சொல்லை மாற்றினேன்.

இன்னொரு திருத்தமும் உண்டு. "சரியாகப் பூட்டப்படாத பம்ப்" என்று இரண்டு இடத்தில் போட்டிருக்கிறீர்கள். அதற்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன். இன்று காலையும் ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன், அந்த போல்ட் எல்லாம் நான் இறுக்கியபடியே இருக்கின்றன. ஒழுகியது குழாய்.