வேலுத்தாய் ஜாடை

மலையேறினா எனக்கு மொழங்கால் வலிக்கும் சார். அதனாலதான் நம்ம ஊருப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்கு, அந்த மொட்டைக்கு நான் போகல. பத்திரிகை வச்சாக. கூப்பிடாம இருப்பாகளா? அந்தப் புள்ளை பொறந்ததே என்னாலதான்.

என் பேரு பரிபூரணம். ராஜபாளையத்துல ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில ஆயா. கருமுட்டை ஊறாத பொம்பளைகளுக்கு வேற வயசுப் புள்ளைககிட்ட இருந்து எடுத்து வச்சுவிடுற டாக்டர் ஒருத்தர் தொண்ணூத்தஞ்சு வாக்குல மதுரைக்கு வந்தாரு. புள்ளைகளப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது நான். பேண்டேஜ் துணி பேக்டரி வச்சிருக்க சௌந்தரபாண்டியன் சம்சாரம் சண்முகத்தாய் என்கிட்ட வந்தாக. நம்ம சாதியா இருக்கணும், விஷயம் வெளிய தெரியக்கூடாதுன்னாக. அதுக்கு வேலுத்தாயப் பிடிச்சேன். சுந்தரபாண்டியம் ஊர்க்காரி, நூல் மில் ஹாஸ்டல்ல தங்கி வேலை பாத்தா. தன் கல்யாணத்துக்குத் தானே கம்மல் எடுக்கணும்னு அவளுக்கு ஆசை.

கருமுட்டை எடுத்த பொறவு அவளுக்கு வயிறு வீங்கிப்போச்சு. சிலருக்கு அப்படி ஆகும். பொறுத்துக்கிட்டுக் கெடக்காம ஹாஸ்டல் பூரா சொல்லிட்டா. அதுக்கப்புறம் ஒருத்தியும் என்கூட வரல. மறு வருசம் நானே போயி, இன்னொரு தடவை வாட்டின்னு கூப்பிட்டேன். "நீங்க ஆளு பிடிக்கிற பொம்பளை. இனிமே இந்த வாசல மிதிக்காதீக"ன்னா. அம்புட்டுப் பேரு முன்னாடி. எனக்குக் கோவம் வராது சார். வருத்தமாத்தான் இருந்துச்சு.

அவ அண்ணன் பேச்சிமுத்துவப் போயிப் பாத்தேன். தாய் தகப்பன் இல்லாத வீடு, அவன்தான் எல்லாம். அவளுக்கு வ. புதுப்பட்டியில மாப்பிள்ளை பேசி முடிச்சிருந்தான். "ஏலே, உன் தங்கச்சி புள்ளைக்கு மலையில மொட்டை. தாய்மாமன் மடியில வச்சுத்தான முடியெடுக்கணும், நீ போகலையா?"ன்னு கேட்டேன். இதுல பொய் எங்க இருக்கு? யாரு வீட்டுப் புள்ளைன்னு சொல்லி, நம்பாட்டி மூஞ்சியப் பாத்துக்கோன்னுட்டு பஸ் ஏறிட்டேன். கருமுட்டைன்னு சொல்லல. சொன்னா அவனுக்கு வெளங்காது.

போயிப் பாத்திருக்கான். சண்முகத்தாய் தம்பி மடியில புள்ளை உக்காந்திருக்கு, அப்படியே வேலுத்தாய் ஜாடை. ஹாஸ்டல்ல இருந்த காலத்துல அவ கள்ளத்தனமாப் பெத்து வித்துட்டான்னு முடிவு பண்ணிட்டான். முட்டைதான் குடுத்தேன்னு அவ அழுதிருக்கா. நீ என்ன கோழியான்னு கேட்டிருக்கான்.

அன்னிக்குச் சாயந்தரம் அவள இழுத்துக்கிட்டு என் வீட்டுக்கு வந்தான். அத நான் மறைக்கல. அவ என் காலப் பிடிச்சுக்கிட்டா. "அக்கா, ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. நான் பெக்கலன்னு சொல்லுங்க." அவனும் என் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்னான். அவ பெக்கலன்னு நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பான், பாவம். எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பின்னு சொல்லிக் கதவச் சாத்திட்டேன். செத்த நேரம் கதவத் தட்டிக்கிட்டே இருந்தா. மறுநாள் கண்மாய்க் கரையில வேலுத்தாய் வெட்டுப்பட்டுக் கெடக்கான்னு ஆஸ்பத்திரியில பேசிக்கிட்டாக.

அவன் அருவாளத் தூக்குவான்னு எனக்குத் தெரியுமான்னு கேக்கீக. தெரியும். ஆனா கருமுட்டை விஷயம் என் வாயால வெளிய வராதுன்னு சண்முகத்தாய்க்குச் சத்தியம் பண்ணியிருந்தேன் சார். வாக்குத் தவற எனக்கு மனசு வரல.