கீர்த்திகாவின் முறை

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எந்த அலுவலகத்திலும் நெட் கொஞ்சம் அசந்துதான் போகும், மனிதர்களைப் போல. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் சார்.

காரைக்காலில் அந்தக் கப்பல் ஏஜென்சியில் யார் எவ்வளவு நெட் இழுக்கிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. என் திரையில் ஆளுக்கொரு கோடு ஓடும். அதற்கு முன்பு விழிதியூரில் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துத் திறந்து விட்டவன் நான். ஒரு தடவை நண்டு ஒன்று முறை தவறி அடுத்த வயலுக்குப் போகப் பார்த்தது. நான் பார்த்த பார்வையில் நேராக நடந்து வளைக்குத் திரும்பிவிட்டது.

நெட்டுக்கும் அதே ஏற்பாடுதான். ஆளுக்கு ஒரு வேளை. முடிந்தால் மடை அடைபடும். கீர்த்திகா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

அவள் கோடு நாள் முழுக்க நிமிர்ந்தே நிற்கும். போலகம் கிராமத்து வீட்டில் பக்கவாதத்தோடு தனியாகப் படுத்திருக்கும் அம்மா நீலாயதாட்சியைக் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஏதாவது என்றால் அடுத்த வீட்டு அல்லிக்குச் சொல்வாள், அல்லி ஓடுவாள். கேமராவை மாட்டிக்கொடுத்ததே நான்தான். பாஸ்வேர்டு என்னிடமும் இருந்தது. அலுவலகம் பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம், அந்தச் சுவரைத் தாண்டிச் செல்போன் சிக்னல் உள்ளே வராது. என் நெட்டை விட்டால் அவளுக்கு வழியில்லை.

"ஐயா, அம்மாவப் பாக்குறதுக்குக்கூடவா முறை?"

"முறைன்னா எல்லாருக்கும் முறைதாம்மா."

"இதென்ன உங்க விழிதியூரு வாய்க்காலா? மம்பட்டியத் தூக்கிட்டு வந்துட்டீங்க. நல்லவேள, மூச்சுக்கு முறை வைக்காம விட்டீங்க."

அலுவலகமே சிரித்தது. "ஐயாவுக்கு ஒரு கோமணம் வாங்கிக் குடுங்கப்பா" என்றான் பில் போடும் சஃபியுல்லா. நானும் சிரித்தேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சநேரம் சிரித்தேன்.

மறுநாள் மத்தியானம் அவள் முறை முடிந்தது. அடைத்தேன். அவள் திரையில் அம்மா படுத்திருக்கும் படம் அப்படியே உறைந்து நின்றது. என் திரையில் மட்டும் ஓடியது. மடை காக்கிறவன் குடிக்கிற தண்ணீரை யாரும் அளப்பதில்லை.

அந்த அம்மாள் செம்புக்குக் கை நீட்டினார். நழுவினார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கழுத்து மாட்டிக்கொண்டது. வலது கை மட்டும் சுவரைத் தட்டியது.

கீர்த்திகா எனக்கு எதிர் மேசை.

"ஐயா, செத்த தொறந்து விடுங்க. அம்மா தண்ணி குடிக்கிற நேரம்."

"இப்ப சஃபியுல்லா முறைம்மா."

"என் முறைய அக்காவே எடுத்துக்கட்டும் ஐயா" என்றான் அவன்.

"ஒருத்தருக்கு விட்டா வாய்க்காலே பாழாப் போயிடும்பா."

என் மேசையிலிருந்த தொலைபேசியைக் கேட்டாள், அல்லியிடம் ஒரு வார்த்தை பேச. கப்பலிலிருந்து அழைப்பு வரவேண்டும் என்றேன். அன்றைக்கு எந்தக் கப்பலும் வருவதாக இல்லை.

அவள் எழுந்தாள். வாசலைத் தாண்டினால் சிக்னல் கிடைக்கும். என் திரையில் அந்தக் கை அப்போதும் தட்டிக்கொண்டுதான் இருந்தது.

"எதுக்கும்மா வெயில்ல போற? நான் இங்கேருந்து பாக்குறேன்ல. அம்மா நல்லாத் தூங்குறாங்க."

"அப்படிங்களா? சந்தோஷங்க ஐயா" என்று உட்கார்ந்துவிட்டாள். என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

கை மெதுவாகத் தட்டியது. பிறகு இடைவெளி விட்டுத் தட்டியது. நின்றதும் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் மடையைத் திறந்து, "பாரும்மா" என்றேன்.

கொன்றேன் என்று எழுதுங்கள் சார், கையெழுத்துப் போடுகிறேன். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.