சுமைகூலி முக்கால் பணம்

— ஒரு பிளக் பாயிண்டுக்கா இவ்வளவு? இந்தக் காசுக்கு நம்ம பட்டறையில வெல்டிங் மிஷினே ஒரு மாசம் ஓடும் தம்பி.

— மெதுவா பேசுங்க அண்ணி. பக்கத்து ஸ்டால்காரங்க திரும்பிப் பாக்குறாங்க.

— பாக்கட்டும். அவங்களும் இதே மாதிரி பில்லைக் கையில வச்சுக்கிட்டுத்தான் முழிக்கிறாங்க. பொருட்காட்சியில கடை போடலாம், ஸ்டால் வாடகை இவ்வளவுதான்னு சொன்னீங்க. உங்க அண்ணனும் நானும் தலையாட்டினோம். இங்க வந்து பாத்தா அந்த வாடகை வெறும் தரைக்குத்தானாம். தரை மேல கார்ப்பெட் போட்டே ஆகணுமாம், அதுக்குத் தனி. வெளிச்சத்துக்குத் தனி. குப்பை அள்ளத் தனி.

— யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழலாமா அண்ணி?

— யானைக்கு விலை சொன்னவன் அங்குசத்தையும் என்கிட்டதான் வாங்கணும்னு சொல்லலையே!

— பாருங்க, லைட் விஷயத்துல தப்பு என் மேலதான். ஒரு மாசம் முன்னாடியே எழுதிக் கேட்டிருந்தா பாதி விலையாம். நான் இங்க வந்து இறங்கினப்புறம் கேட்டேன். அதுக்குத்தான் காலையில ஆபீஸ் ரூம்ல போய்ச் சண்டை போட்டுப் பாத்தேன். அசையல.

— சரி, அதை விடுங்க. சரக்கு இறக்கின கூலி? அதுக்கு என்ன சொல்றீங்க?

— அது ரூல் அண்ணி.

— நீங்களும் அந்த ரூல்தடி சூப்பர்வைசர் மாதிரி பேசாதீங்க. நாம என்ன செஞ்சு விக்கிறோம்? டிராலி. மூட்டையை வச்சு ஒத்தை ஆளா மாடிப்படி ஏத்தலாம்னு தலைக்கு மேல போர்டு மாட்டி வச்சிருக்கோம். அந்த டிராலியை லாரியில இருந்து இறக்கி இங்க வரைக்கும் நாமளே தள்ளிட்டு வரக்கூடாதாம். ஹால் ஆளுங்கதான் தள்ளணுமாம். அதுவும் அவங்க டிராலியில ஏத்தி!

— டிராலி மேல டிராலி. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு.

— சிரிங்க. எடை போட்டுல்ல வாங்கினான்! அதுல பாதி எடை மரப்பெட்டி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு கேள்விப்பட்டிருக்கேன். கண்ணால இப்பத்தான் பாக்குறேன். பெட்டியே வேண்டாம், கைப்பிடியை மடக்கி அட்டையைச் சுத்திக் கட்டினாலே போதும்.

— நாற்காலியில மிச்சம் புடிச்சுட்டீங்கல்ல. வாடகைக்கு எடுக்க வேண்டாம்னுட்டு டிராலியைச் சாய்ச்சுப் பலகை போட்டு உக்கார வச்சீங்களே, அதுலயே எத்தனை பேர் வந்து உக்காந்தாங்க!

— உக்காந்தவன் எல்லாம் செருப்பைக் கழட்டிக் காலைப் புடிச்சு விட்டுக்கிட்டான். டிராலி என்ன விலைன்னு எவன் கேட்டான்? அதோட, நீங்க மூணு நாள் இங்க நிக்கிறீங்க. அங்க பட்டறையில பெயிண்ட் அடிக்க ஆளில்லாம செஞ்ச டிராலி எல்லாம் துருப்புடிச்ச கலர்லயே நிக்குது. அதுக்கு எந்த ரசீதும் இல்ல. ஆனா செலவு செலவுதான்.

— அண்ணி, குடோன்காரர் மட்டும் வந்துட்டார்னு வைங்க, இந்தச் செலவெல்லாம் தூசி.

— மூணு நாளா அதைத்தான் சொல்றீங்க.

— கடைசி நாள் வர்றேன்னு அவரே போன்ல சொன்னார். பாஸ் கூட அனுப்பியிருக்கேன். நம்ம பட்டறையில பாதி வேலை அவரோட வேலைதானே? இந்த வருஷ ஆர்டரை இங்க வச்சே பேசி முடிச்சுட்டா, அண்ணன் முன்னாடி நான் தலை நிமிந்து நிப்பேன்.

— உங்க அண்ணன் சொன்னது ஞாபகம் இருக்கா?

— மறக்குமா? பைப் வளைக்கிற மிஷினுக்கு வச்சிருந்த பணம் இது. குடோன்காரர் ஆர்டரோட நீ வந்தா விற்பனை மொத்தமும் உன் பொறுப்பு. வெறுங்கையோட வந்தா திரும்பப் பெயிண்ட் ரூம், அப்புறம் விற்பனைன்னு வாயே திறக்கக் கூடாதுன்னார்.

— ம்... யாரோ வர்றாங்க பாருங்க.

— வாங்க சார், வாங்க! மூணு சக்கர டிராலி, படி ஏறும்.

— இந்தப் பை இலவசமா?

— அது எங்க சாப்பாட்டுப் பை சார்.

— அந்தப் பேனா?

— எடுத்துக்கோங்க. ஒரு தடவை டிராலியைத் தள்ளிப் பாக்குறீங்களா?

— எங்க வீட்ல மாடியே இல்லப்பா.

— பாத்தீங்களா தம்பி? பேனாவும் போச்சு.

— நீங்க மத்தியானம் அந்த ஆஸ்பத்திரி ஸ்டோர் அம்மாவைப் பாத்துமா இப்படிச் சொல்றீங்க? ஆக்ஸிஜன் சிலிண்டர் எடைக்கு மூட்டையை வச்சு, நம்ம ஸ்டால்ல போட்டிருக்குற மாடல் படியில ஏத்திக் காட்டினதும் கை தட்டினாங்களே!

— அதை நான் குறை சொல்லல. நல்லாத்தான் பேசினீங்க. அவங்க கேக்குறதுக்கு முன்னாடியே, சிலிண்டர் தூக்குற உங்க ஆளுங்க எந்தப் படியில மூச்சு வாங்குறாங்கன்னு கேட்டீங்க பாருங்க, அது... சரி, ரூல்தடி வர்றார்.

— மேடம், உங்க காலிப் பெட்டி வர லேட்டாகும். ஆறு மணிக்கு மேல போனா ஓவர்டைம் ரேட்டு. ரூல்.

— எங்க பெட்டி லேட்டா வந்தா நாங்க ஏங்க ஓவர்டைம் குடுக்கணும்?

— ஆளுங்க நிக்கணும்ல மேடம். அப்புறம் பெட்டியை எங்க இடத்துல வச்சதுக்கு வாடகை தனியா வரும்.

— உங்க இடத்துல வைக்கச் சொல்லி நாங்க கேக்கலையே!

— ஸ்டால்ல காலிப் பெட்டி வைக்கக் கூடாது மேடம். ரூல்.

— நாங்க இங்க மூச்சு விடுற காத்துக்கு வாடகை உண்டா?

— ஏசி சார்ஜ், பில்லுல நாலாவது வரி மேடம்.

— ஐயா, நீங்க போய்ட்டு வாங்க.

— அண்ணி, அந்த ஆளு சிரிக்காமச் சொல்லிட்டுப் போறான் பாருங்க!

— அவன் ஏன் சிரிக்கணும்? சிரிப்புக்குப் பில்லுல வரி இல்லையே.

— ஷ்ஷ்... மைக்ல சொல்றான் கேளுங்க. அடுத்த வருஷ ஸ்டாலுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் எழுதிக் குடுக்கலாமாம். இங்கயே எழுதினா வாடகையில தள்ளுபடி. போகட்டுமா?

— குடோன்காரர் வரலன்னா?

— வரலன்னா எழுதுறதுல அர்த்தமே இல்ல. எதை நம்பி எழுத?

— அப்போ அந்த நடைபாதையையே பாக்குறதை விடுங்க. இந்த போர்டைக் கழட்டப் புடிங்க.

— இன்னும் நேரம் இருக்கு அண்ணி. வருவார்.

— வர மாட்டார்.

— சும்மா இருங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?

— வந்துட்டுப் போயிட்டார் தம்பி. காலையில, நீங்க ஆபீஸ் ரூம்ல இருந்தப்போ.

— இங்கயா? நான் இல்லாத நேரமாப் பாத்தா வந்தார்?

— இங்க இல்ல. கடைசி வரிசையில பிளாஸ்டிக் சக்கரம் போட்ட டிராலி வச்சிருக்காங்கல்ல, அங்க. அவங்க குடுத்த பாஸைக் கழுத்துல மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தார். நீங்க அனுப்பினது எந்த மேஜையில கிடக்கோ.

— சும்மா பாக்கப் போயிருப்பார் அண்ணி. நாலு இடம் பாக்கத்தானே செய்வாங்க?

— நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டுப் போய் வணக்கம் சொன்னேன். மனுஷனுக்கு முகம் சுண்டிப் போச்சு. ஆனா பொய் சொல்லல. கோவிச்சுக்காதம்மா, இவங்க ரெண்டு மாசமா என் குடோனுக்கு வந்து போறாங்க, மூட்டை தூக்குறவன்கிட்ட எந்தக் கை வலிக்குதுன்னு கேட்டு அதுக்குத் தகுந்த மாதிரி கைப்பிடி மாத்திக் குடுத்தாங்க, உங்க ஆளுங்க சரக்கை இறக்கிட்டு ரசீதை நீட்டிட்டுப் போயிடுறாங்கன்னார். போன வாரமே ஆர்டர் குடுத்துட்டாராம்.

— போன வாரமேவா? அப்போ என்கிட்ட போன்ல...

— முகத்துக்கு நேரா சொல்ல அவருக்கும் கூச்சம்தான் போல.

— காலையிலேயே தெரிஞ்சும், நாள் முழுக்க என்னைக் கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்க வச்சுட்டீங்களே அண்ணி! போற வர்றவனை எல்லாம் அவரான்னு பாத்துப் பாத்து...

— சொல்லியிருந்தா மத்தியானம் அந்த ஆஸ்பத்திரி அம்மாகிட்ட அப்படிப் பேசியிருப்பீங்களா? முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு மூலையில உக்காந்திருப்பீங்க.

— அவங்க என்ன, ஒரே ஒரு டிராலி. அதையும் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்னுட்டாங்க.

— வேண்டாம்னு சொல்லலையே.

— அண்ணன்கிட்ட யார் சொல்றது?

— நான் காலையிலயே போன்ல சொல்லிட்டேன். குடோன்காரர் ஆர்டர் எப்படியும் வரும்னு நம்பி அங்க அவர் பைப் வெட்டிக்கிட்டிருந்தார். பாதியோட நிறுத்திட்டார். நாம இங்க வராம இருந்திருந்தா மொத்தப் பைப்பையும் அந்த அளவுக்கு வெட்டி அடுக்கினப்புறம்தான் விஷயமே தெரிஞ்சிருக்கும்.

— என்ன சொன்னார்?

— பின்னாடி மிஷின் ஓடுற சத்தம் நின்னுச்சு. அப்புறம், அவன் சாப்பிட்டானான்னு கேட்டார்.

— சாப்பிட்டானான்னா கேட்டார்?

— போர்டை நேரா புடிங்க தம்பி, சாயுது.

— சரி அண்ணி. பெயிண்ட் ரூம்னா பெயிண்ட் ரூம். இனிமே இந்த ஹால் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன். மைக்ல அவன் கத்துறவரைக்கும் கத்திட்டு ஓயட்டும்.

— அவன் கத்துறது மத்தவங்களுக்கு. குடோன்காரருக்கு வணக்கம் சொன்ன கையோட நேராப் போய், அடுத்த வருஷத்துக்கு உங்க பேர்லயே எழுதிக் குடுத்துட்டேன். உங்க அண்ணனும் சரின்னுட்டார். வாசலை ஒட்டின மூலை ஸ்டால், குடோன்காரர் எவன் குடுத்த பாஸ்ல வந்தாலும் முதல்ல நம்மளைத் தாண்டித்தான் போகணும்.